சொல்லி ஆடும் ஆட்டம்

பார்வையற்ற பெரியவர்கள் ஓய்வு நாளில் கூடும் அறைக்கு ஒரு நடைமுறை உண்டு. உள்ளே வருகிறவர் வாசலிலேயே தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பதால் பெயரைவிட ஊர்தான் உதவும். "ஆவடி வந்தாச்சு" என்று குரல் கேட்டதும், "பெரம்பூர் இருக்கேன்", "தாம்பரம், ஜன்னல் பக்கம்" என்று உள்ளே இருப்பவர்கள் வரிசையாகப் பதில் கொடுப்பார்கள். யார் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அரை நிமிடத்தில் வந்தவருக்குப் பிடிபட்டுவிடும். பார்வையுள்ளவர் ஒரு பார்வையில் எடுத்துக்கொள்வதை இங்கே வாய் கொடுக்கிறது, காது வாங்கிக்கொள்கிறது. அந்த அறையின் சீட்டு, சதுரங்கம், திடலில் கிரிக்கெட், கேட்கிற புத்தகம், போகிற சினிமா எல்லாமே இந்தக் கொடுக்கல் வாங்கலின் மேல்தான் நிற்கின்றன.

இந்தக் கூடல்களின் வேர் விடுதிகளில் இருக்கிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சென்னைக்கு வேலை தேடி வந்த பார்வையற்றவர்களில் பலர் உறைவிடப் பள்ளிகளில் வளர்ந்தவர்கள். பாளையங்கோட்டையில் 1890-இல் தொடங்கிய பள்ளி, பூந்தமல்லி அரசுப் பள்ளி போன்ற இடங்களில் ஆறேழு வயதில் சேர்ந்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள். அங்கே பொழுதுபோக்கை யாரும் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. கையை நீட்டினால் ஒரு தோழன் இருப்பான். டெலிபோன் ஆபரேட்டராகவோ ஆசிரியராகவோ நாற்காலி பின்னுபவராகவோ வேலை கிடைத்து, நகரத்தில் தனி அறை எடுத்ததும் நிலைமை மாறியது. ஆறு நாளைப் பஸ்ஸும் அலுவலகமும் இழுத்துக்கொண்டு போகும். ஏழாவது நாள் நகராது. பகல் முழுக்க டிரான்சிஸ்டர், மாலையில் டீக்கடை வரை ஒரு நடை, அவ்வளவுதான். விடுமுறையில் திறந்துவிடப்பட்ட வகுப்பறை, சங்கத்தின் ஒற்றை அறை அலுவலகம், நண்பர் வீட்டு மொட்டைமாடி என்று கூடுமிடங்கள் தோன்றியது இந்த ஞாயிற்றுக்கிழமைகளைக் கடக்கத்தான்.

தனியாகச் செய்த சாதனம் எதுவும் கைக்கு வருவதற்கு முன்பே, விரலுக்குப் பழகிய ஆட்டங்கள் வீட்டில் இருந்தன. பல்லாங்குழியைப் பார்வையற்றவருக்காக யாரும் மாற்றி அமைத்ததில்லை. மாற்ற வேண்டியதும் இல்லை. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. போட்டுக்கொண்டே போகும் விரல் எண்ணிக்கொண்டும் போகும். எதிராளி போடும்போது விழும் சத்தத்தை எண்ணினால் அவர் எந்தக் குழியில் நிறுத்தினார் என்பது தெரியும். வெறுங்குழியைத் துடைத்து அடுத்த குழியை அள்ளுவது என்ற விதியே தொட்டுத் தெரிந்துகொள்ளும் விதிதான். தாயமும் அப்படித்தான். பித்தளைத் தாயக்கட்டையில் புள்ளிகள் குழித்துப் போடப்பட்டிருக்கும். உருட்டியபின் மேல்முகத்தில் விரலை வைத்தால் எண் தெரிந்துவிடும். கட்டை புரளாமல் தொடுவது மட்டும் ஒரு கைப்பழக்கம். சாக்கட்டியால் தரையில் போட்ட கட்டம்தான் விரலுக்கு அகப்படாது. அதற்கு அட்டையில் நூல் ஒட்டிக் கட்டம் போட்டார்கள். ஒருவர் காய் புளியங்கொட்டை என்றால் இன்னொருவர் காய் சட்டைப் பொத்தான். எது யாருடையது என்ற சண்டை வராது.

சீட்டுக்குக் கொஞ்சம் கைவேலை தேவைப்பட்டது. கடையில் வாங்கிய சாதாரணக் கட்டை எடுத்து, பிரெயில் சிலேட்டில் ஒவ்வொரு சீட்டாகச் செருகி, எதிரெதிர் மூலைகளில் ஊசியால் குத்துவார்கள். சிலேட்டில் வலமிருந்து இடமாகக் குத்தினால்தான் மறுபக்கம் எழும் புள்ளிகளை இடமிருந்து வலமாக வாசிக்க முடியும். ஆட்டின், கிளாவர், டைமன், ஸ்பேடு ஆகியவற்றுக்கு ஆங்கில முதலெழுத்து, பக்கத்தில் எண். 52 சீட்டுக்கும் இரண்டிரண்டு மூலை குத்தி முடிப்பதற்குள் ஒரு மாலை போய்விடும். இரண்டு மாதம் கலைத்து ஆடியதும் புள்ளிகள் அமுங்கிப்போகும். ஆட்டினா டைமனா என்று பெருவிரல் தயங்கத் தொடங்கினால் புதுக்கட்டு வாங்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆட்டத்தில் ஒரே ஒரு விதி கூடுதல்: போடுகிற சீட்டை வாயால் சொல்லிப் போட வேண்டும். "கிளாவர் ஏழு, கீழே" என்று ஒருவர் சொன்னதும் மற்ற மூவரும் அதை மனதில் எழுதிக்கொள்வார்கள். எந்தெந்தச் சீட்டு கீழே போயிற்று என்பதைத் திரும்பிப் பார்க்க வழியில்லாததால், ரம்மி ஆடுகிறவர்களின் ஞாபகம் கூர்மையாகிவிடும். பார்வையுள்ள விருந்தாளி ஒருவர் உட்கார்ந்தால் பெரும்பாலும் தோற்றுத்தான் எழுந்திருப்பார்.

சதுரங்கம்தான் இந்த ஆட்டங்களில் உலகம் முழுக்க ஒரே மாதிரி ஒழுங்குபடுத்தப்பட்டது. பலகையில் கறுப்புக் கட்டங்கள் சற்று மேடாக இருக்கும்; வெள்ளைக் கட்டங்கள் பள்ளம். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு துளை. ஒவ்வொரு காயின் அடியிலும் ஒரு முளை. தடவிப் பார்க்கும் கை காயைத் தள்ளிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. கறுப்புக் காய்களுக்குத் தனி அடையாளம் உண்டு. பல பெட்டிகளில் அது தலையில் ஒரு சிறு குமிழ். பொதுச் சதுரங்கத்தில் 'தொட்ட காயை நகர்த்தியாக வேண்டும்' என்பது விதி. தொட்டுத்தான் பார்க்கவே முடியும் என்கிறவருக்கு அது பொருந்தாதே. அதனால் பார்வையற்றவர் ஆட்டத்தில் காய் துளையிலிருந்து வெளியே எடுக்கப்பட்டால்தான் 'தொட்டது' ஆகும். அதுவரை பலகை முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் விரல் உலாவலாம்.

முறையான போட்டியில் இருவரும் ஒரே பலகையில் ஆடுவதில்லை. ஆளுக்கொரு பலகை. வெள்ளைக் காய்க்காரர் தன் பலகையில் காயை வைத்து நகர்வைச் சொல்வார். கறுப்புக் காய்க்காரர் அதைத் திரும்பச் சொல்லித் தன் பலகையிலும் வைப்பார். பி, டி, இ என்ற எழுத்துகள் காதில் ஒன்றுபோலவே விழும் என்பதால் பலகையின் நெடுக்கு வரிசைகளுக்குப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள்: அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபீலிக்ஸ், குஸ்தாவ், ஹெக்டர். முதல் பெயர் தமிழ்க் காதில் 'அண்ணா' என்றுதான் விழும். புதிதாக ஆட வந்த ஒரு கல்லூரி மாணவர், எதிரே இருந்த மூத்தவர் "அன்னா நாலு" என்றதும், "சொல்லுங்கண்ணே" என்று காத்திருந்த கதையைப் பழைய ஆட்டக்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். நகர்வைத் தவறாகக் கேட்டால் இரண்டு பலகைகளும் வேறு வேறு ஆட்டமாகிவிடும். பத்து நகர்வு கழித்து "அங்கே உங்க குதிரையே இல்லையே, சார்" என்று ஒருவர் திகைக்கும்போது, நடுவர் இருவரின் நகர்வுக் குறிப்புகளையும் வைத்து எங்கே பிரிந்தது என்று தேடிக் கண்டுபிடிப்பார்.

இந்த ஆட்டக்காரர்களின் முதல் ஒலிம்பியாட் 1961-இல் ஜெர்மனியின் மெஷெடே நகரில் நடந்தது. 2012-இல் அது சென்னைக்கு வந்தது. ஆளுக்கொரு பலகையோடு பல நாட்டவர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, அவரவர் உச்சரிப்பில் அன்னாவையும் பெல்லாவையும் சொல்லி ஆடினார்கள். வகுப்பறைத் தரையில் கற்றுக்கொண்ட ஆட்டத்துக்கு இப்படி ஒரு பொதுமொழி இருக்கிறது என்பதை உள்ளூர் ஆட்டக்காரர்கள் காதாரக் கேட்டது அப்போதுதான்.

அறைக்குள் ஆடும் ஆட்டத்துக்கு வாய் போதும். திடலுக்குப் போனால் பந்தும் பேச வேண்டும். பார்வையற்றோர் கிரிக்கெட் 1922-இல் மெல்பர்னில் தொடங்கியது. தொழிற்சாலையில் வேலை செய்த பார்வையற்ற இருவர் தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆடியதாக அதன் வரலாறு சொல்கிறது. தமிழ்நாட்டு விடுதிப் பிள்ளைகளுக்கு மெல்பர்ன் கதை தெரியாது. ஆனால் அவர்களும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். பால் டின்னில் கூழாங்கல், பிளாஸ்டிக் பந்தைக் கீறி உள்ளே சைக்கிள் பால்ரஸ், கீறிய இடத்தைச் சூடான கத்தியால் ஒட்டுதல். நாலு ஓவர் தாங்கினால் நல்ல பந்து. இன்று ஆடப்படுவது உள்ளே பால்ரஸ் குலுங்கும் கெட்டிப் பிளாஸ்டிக் பந்து.

விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், கண் செய்யும் வேலை எங்கே போயிற்று என்பது தெரியும். பந்து வீசுகிறவர் முதலில் "ரெடியா?" என்று கேட்க வேண்டும், மட்டையாளர் "யெஸ்" என்று சொல்ல வேண்டும், பந்து கையை விட்டுப் போகும்போது "பிளே" என்று குரல் கொடுக்க வேண்டும். பந்தைத் தோளுக்குக் கீழே கையை வைத்து உருட்டினாற்போல வீசுவார்கள். ஆடுகளத்தின் பாதிக்கு முன்பே அது தரையைத் தொட வேண்டும். தரையில் வரும்போதுதான் பால்ரஸ் குலுங்கும், பந்து எங்கே வருகிறது என்று கேட்கும். அதனால் இந்தக் கிரிக்கெட்டின் பெரிய அடி, ஒரு காலை மடித்து உட்கார்ந்து தரையோடு துடைக்கும் ஸ்வீப். பதினொரு பேரில் குறைந்தது நால்வர் முழுப் பார்வையற்றவர்களாக இருக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் பேச்சில் இவர்கள் 'டோட்டல்'. மிச்சம் பேர் 'பார்ஷியல்'. டோட்டல் எடுக்கும் ஓட்டம் இரண்டாகக் கணக்காகும். அவருக்காக ஓட இன்னொருவர் உண்டு. ஒருமுறை தரையில் பட்டு எழும்பிய பந்தை டோட்டல் பிடித்தாலும் அவுட். இந்தச் சலுகைகள் இரக்கத்தால் வந்தவை அல்ல. டோட்டலை ஒப்புக்கு நிறுத்திவிட்டு பார்ஷியல்களே ஆடி முடிக்கும் நிலை வராமல் தடுப்பவை அவை.

உலகக் கோப்பை 1998-இல் டெல்லியில் முதன்முதலாக நடந்தது, தென்னாப்பிரிக்கா வென்றது. 2002-இல் இரண்டாவது கோப்பை சென்னையில் நடந்தது, பாகிஸ்தான் வென்றது. இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்தியா 2012, 2017, 2022 என மூன்று முறை தொடர்ந்து வென்றது. 2025 நவம்பரில் கொழும்பில் முடிந்த பெண்களின் முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையும் இந்தியாவுக்கே வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இந்தக் கோப்பைகளுக்கான பயிற்சி அல்ல. முப்பது வயதில் சர்க்கரை ஏறாமல் இருக்கவும், வாரத்தில் ஒருநாளாவது யாரும் கையைப் பிடிக்காமல் ஓடவும்தான் பெரும்பாலோர் வருவார்கள். கோல் இல்லாமல் தெருவில் ஓடினால் அது விபத்து. திடலில் ஓடினால் அது ரன்.

கோல்பால் இதற்கு நேர் எதிர். அங்கே பந்து பேசும்போது கூட்டம் பேசக்கூடாது. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களின் மறுவாழ்வுக்காக 1946-இல் ஆஸ்திரியரான ஹான்ஸ் லோரென்சனும் ஜெர்மானியரான செப் ரைண்டிலும் உருவாக்கிய ஆட்டம் இது. பக்கத்துக்கு மூவர். 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் உள்ள களம். உள்ளே மணி வைத்த 1.25 கிலோ பந்து. எல்லாரும் கண்ணை மறைக்கும் பட்டை கட்டிக்கொள்வதால் டோட்டல், பார்ஷியல் என்ற பேதம் களத்தில் இல்லை. உருண்டு வரும் பந்தைப் படுத்துத் தடுக்க வேண்டும். பந்து உருளும்போது பார்வையாளர் இருமக்கூடக் கூடாது. கோல் விழுந்தபின் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். தரையில் கோடுகளுக்கு அடியில் கயிறு வைத்து மேலே டேப் ஒட்டியிருப்பார்கள். கால்விரலும் உள்ளங்கையும் அதைத் தேடி ஆட்டக்காரர் தன் இடத்துக்குத் திரும்புவார்.

இந்தக் கயிறு தமிழருக்குப் பழையது. திருவாரூர்க் குளத்தைத் தூர்வாரிய தண்டியடிகள் பிறவியிலேயே பார்வையற்றவர் என்கிறது பெரியபுராணம். குளத்தின் நடுவிலும் கரையிலும் கழி நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்தார் அவர். பார்வையற்ற ஓட்டக்காரரும் துணை ஓட்டக்காரரும் இன்று கையில் பிடித்துக்கொள்ளும் சிறு கயிறும் அந்த வேலையைத்தான் செய்கிறது. துணைக்கு வருகிறவர் இழுக்கக்கூடாது. கூடவே ஓட வேண்டும். இரட்டைச் சைக்கிளில் முன்னால் உட்காருகிறவர் வழியைப் பார்த்துக்கொள்வார். மேடு வந்தால், வேகத்தடை வந்தால், பிரேக் பிடிப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும். சொல்ல மறந்தவருக்கு மறுவாரம் பின்னிருக்கைக்கு ஆள் கிடைக்காது.

கேட்பதையே பொழுதாக்கிக்கொள்வதற்கு வானொலி வந்தது. இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீதின் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள், அவர் புகழ்பெறச் செய்த 'பாட்டுக்குப் பாட்டு' விளையாட்டைத் தங்கள் கூடல்களுக்கும் கொண்டுவந்தார்கள். சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் நடந்தால் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை. பந்து எந்தப் பக்கம் போயிற்று, யார் துரத்தினார் என்று அவர் சொல்லச் சொல்ல, திடலின் அளவே தெரியாதவர்களுக்கும் திடல் விரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம். திருவிழா ஒலிபெருக்கியில் 'திருவிளையாடல்' கதைவசனம். பார்வையுள்ளவர்களும் அப்போது இவற்றைக் காதால்தான் கேட்டார்கள். ஆகவே மறுநாள் பேச்சில் யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தபிறகுதான் "என்னாச்சு? ஏன் எல்லாரும் சிரிக்கிறீங்க?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டியதாயிற்று.

புத்தகம் குரலாக மாறியது போரின் விளைவு. முதல் உலகப் போரில் பார்வை இழந்தவர்களில் பலருக்குப் பிரெயில் கற்கும் விரல்நுணுக்கம் கைவரவில்லை. அவர்களுக்காக 1935-இல் பிரிட்டனில் பேசும் புத்தகங்கள் இசைத்தட்டுகளாக வந்தன. ஒரு பக்கம் ஏறக்குறைய 25 நிமிடம் ஓடும். தமிழ்நாட்டுக்கு அது கேசட்டாக வந்து சேர்ந்தது. பகல் வேளையில் ஓய்வு கிடைக்கும் இல்லத்தரசிகளும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், கல்லூரி மாணவர்களும் வீட்டிலேயே வாசித்துப் பதிந்து கொடுத்தார்கள். 'பொன்னியின் செல்வன்' கேட்டவர்களுக்கு அது இன்றும் அந்த வீட்டின் ஓசைகளோடு சேர்ந்தேதான் நினைவில் இருக்கிறது. வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகையில் ஒளிந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது குக்கர் மூன்று விசில் அடிக்கும். "ஒரு நிமிஷம்" என்று ஒரு பெண்குரல், பிறகு சதித்திட்டம் தொடரும். கேசட் முனையில் பிரெயில் சீட்டு ஒட்டி, உறையில் பார்வையற்றோருக்கான இலக்கியம் என்று எழுதித் தபாலில் போட்டால் தபால்தலை வேண்டாம். இந்திய அஞ்சல் துறை 7 கிலோ வரை இந்தப் பொட்டலங்களைக் கட்டணமின்றிச் சுமக்கிறது. இப்படிக் கைமாறிய கேசட்டுகளால் ஊர் ஊராக வாசகர் வட்டங்கள் உருவாயின.

ஒரு நூலைப் பார்வையற்றவர் படிக்கும் வடிவில் மாற்றுவதற்குப் பதிப்புரிமை பல ஆண்டுகள் குறுக்கே நின்றது. 2012-இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு அந்தத் தடை நீங்கியது. 2013-இல் இதே தடையை உலக அளவில் நீக்கும் மராகேஷ் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2014-இல் அதை முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. 2016-இல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் திறந்தது. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு தரைத்தளத்திலேயே இருக்கிறது. நூல்களைத் தேடி வருவதோடு, ஒருவரையொருவர் சந்திக்கவும் அது ஓர் இடம்.

சினிமாவுக்குப் போவதைப் பார்வையற்றவர்கள் எப்போதுமே 'படம் பார்க்கப் போறோம்' என்றுதான் சொல்வார்கள். கூட வருகிற நண்பர் காதோரம் சொல்லிக்கொண்டே வருவதுதான் பழைய முறை. அதிலும் ஒரு கலை உண்டு. வசனத்தின் மேல் பேசக்கூடாது. இடைவெளியில் நுழைந்து, "கத்தியை எடுத்துட்டான், அவளுக்குத் தெரியல" என்று முடித்துவிட வேண்டும். முன்வரிசைக்காரர் திரும்பி "உஷ்" என்பது வழக்கம். இடைவேளையில் விஷயம் தெரிந்ததும் அவரே பாப்கார்ன் வாங்கிக் கொடுப்பதும் நடந்திருக்கிறது. நண்பர் செய்த இந்த வேலையைத்தான் ஒலி விவரணை தொழில்முறையில் செய்கிறது: வசனங்களுக்கு இடையே காட்சியைச் சொல்லும் தனி ஒலித்தடம், காதில் மாட்டிய இயர்போனில் மட்டும் கேட்கும். திரையரங்குகளில் இத்தகைய வசதிகளுக்கான நெறிமுறைகளை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது.

ஜனவரி 4 லூயி பிரெயில் பிறந்த நாள். அக்டோபர் 15 வெண்கோல் தினம். சங்கங்களின் ஆண்டு இந்த இரண்டு நாள்களைச் சுற்றித்தான் ஓடும். காலையில் பிரெயில் வேக வாசிப்புப் போட்டி, மதியம் சாம்பார் சாதம், மாலையில் மெல்லிசைக் குழு. இசைப் பள்ளிகளில் படித்த பார்வையற்றவர்கள் பலர் இருப்பதால் தபேலாவுக்கும் கீபோர்டுக்கும் ஆள் தேட வேண்டியதில்லை. பட்டிமன்றமும் உண்டு. பேச்சாளர்கள் குறிப்பை விரலால் வாசித்துக்கொண்டே பேசுவதால், முகம் எப்போதும் கூட்டத்தைப் பார்த்தே இருக்கும். பல திருமணங்கள் பேசி முடிவானதும் இந்த நாள்களில்தான். ஒருவர் பாடிய பாட்டை வைத்து, "அந்தக் குரல் எந்த ஊருங்க அக்கா?" என்று விசாரிப்பதில் தொடங்கும்.

ஆண்டுக்கொருமுறை சுற்றுலா. பார்வையற்றவர்கள் மலைக்கும் அருவிக்கும் போய் என்ன செய்வார்கள் என்று பஸ் நடத்துநர் முதல் எல்லாரும் கேட்பார்கள். குற்றாலத்தில் சாரல் காலத்தில் ஒருமுறை நின்றவருக்கு அந்தக் கேள்வி எழாது. அருவி இருக்கும் திசை தூரத்திலேயே இரைச்சலாக வரும். நெருங்க நெருங்கக் காற்று குளிரும். முகத்தில் தூறல் விழும். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுத்தால் உலகமே தண்ணீர். அங்கே பார்வையுள்ளவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்கிறார். மாமல்லபுரத்தில் கல்லைத் தொட்டுப் பார்க்க முடிகிற இடங்களில் ஒருவர் கை இன்னொருவர் கையை அழைத்துக்கொண்டு போகும்: "இது தும்பிக்கை, இங்க வளையுது, கீழே குட்டி."

இந்தப் பயணங்களில் துணைக்கு வருகிறவரை 'எஸ்கார்ட்' என்பார்கள். பிடித்து இழுத்துக்கொண்டு போகிறவர் நல்ல எஸ்கார்ட் அல்ல. தன் முழங்கையைக் கொடுத்து அரை அடி முன்னால் நடப்பவர்தான் நல்லவர். படி வந்தால் மேலேயா கீழேயா என்று சொல்ல வேண்டும். வெறுமனே "படி, படி" என்று கத்துவது ஆபத்து. ரயில் கட்டணத்தில் பார்வையற்றவருக்கும் துணைக்கு வருபவருக்கும் 75 விழுக்காடு வரை சலுகை உண்டு. ஆனால் சலுகை இருந்தும் ஆள் கிடைக்காமல் நின்றுபோன பயணங்களே அதிகம். கூடலுக்கு வராதவர்களை விசாரித்தால் விருப்பமில்லை என்று சொல்கிறவர் அரிது. பஸ் எண்ணைக் கேட்டால் சொல்ல ஆளில்லை, நடைபாதையில் தோண்டிப்போட்டிருக்கிறார்கள், இருட்டியபின் திரும்பக் கொண்டுவந்து விட ஆளில்லை என்பவைதான் காரணங்கள்.

பெண்களுக்கு இந்தக் காரணங்கள் இரட்டிப்பு. ஆண்கள் கூடும் அறையில் அன்னாவும் பெல்லாவும் ஒலித்த காலத்தில், உடன்படித்த பெண்களில் பலர் அண்ணன் வீட்டுக் கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு ரேடியோ கேட்டார்கள். நாற்பது, ஐம்பது வயதில் கண்நீர் அழுத்தத்தாலோ சர்க்கரை நோயாலோ பார்வை போனவர்கள் இன்னொரு வகை. விடுதித் தோழமை அவர்களுக்கு வாய்த்ததில்லை, பிரெயில் தெரியாது, பழைய சீட்டுக்கச்சேரி நண்பர்கள் மெல்ல வருவதை நிறுத்திவிடுவார்கள். இப்படிப்பட்டவரைக் கூடலுக்கு அழைத்துவந்தால் முதல் நாள் ஒரு வார்த்தையும் பேச மாட்டார். யாரிடமும் அனுதாபக் குரல் இல்லாததும், "சீட்டைச் சொல்லிப் போடுங்க சார், தூங்கிட்டீங்களா?" என்று ஒருவர் அதட்டுவதும்தான் அவரை மறுவாரம் வரவைக்கும். பண்பாட்டு வாழ்வும் பொழுதுபோக்கும் விளையாட்டும் உரிமை என்று ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவும், இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29, 30-ஆவது பிரிவுகளும் சொல்கின்றன.

பேசும் கைபேசி இந்தத் தடைகளில் சிலவற்றைத் தாண்டியது. திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும் மென்பொருள்கள் வந்தபின், செய்தி அனுப்பவும் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கவும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கொரோனா ஊரடங்கில் கூடுமிடங்கள் பூட்டப்பட்டபோது கூடல் முழுவதும் இணையத்தின் குரல் அறைகளுக்கு மாறியது. 'விரல்மொழியர்' போன்ற மின்னிதழ்களைப் பார்வையற்றவர்களே எழுதித் தொகுக்கிறார்கள். வீட்டை விட்டு வெளியே வர முடியாத பெண்கள் பட்டிமன்றத்தில் பேசத் தொடங்கியது இந்தக் குரல் அறைகளில்தான். ஒருவர் பேசி முடித்ததும் தன் பெயரைச் சொல்லி "முடித்துக்கொள்கிறேன்" என்பது அங்கே வழக்கம். பழைய அறையின் வாசல் நடைமுறை இணையத்திலும் அப்படியே தொடர்ந்தது.

அந்த நடைமுறைக்கு மறுபாதி ஒன்று உண்டு. வருவதைச் சொல்வதுபோலக் கிளம்புவதையும் சொல்ல வேண்டும். ஓர் அலுவலக விழாவில் அதிகாரி ஒருவர் பார்வையற்ற ஊழியரிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, யாரோ அழைத்ததும் சொல்லாமல் நகர்ந்துவிட்டார். ஊழியர் ஐந்து நிமிடம் காலி நாற்காலியிடம் தன் மகள் படிப்பைப் பற்றிப் பேசினார். பக்கத்தில் யாரோ சிரித்தபிறகுதான் நிறுத்தினார். அதைக் கேட்ட நாளிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமை அறையில் எழுந்து போகிறவர் தண்ணீர் குடிக்கப் போனாலும் சொல்லிவிட்டே போவார்.

மாலை ஆறு மணிக்குக் கூடல் கலையும். ஒரே பஸ் தடத்துக்காரர்கள் ஒன்றாகச் சேர்வார்கள். பார்ஷியல் முன்னால், அவர் தோளில் ஒரு கை, அந்தத் தோளுக்குப் பின்னால் இன்னொரு கை. "ஆவடி கிளம்பியாச்சு", "தாம்பரம் கிளம்பியாச்சு" என்று குரல்கள் ஒவ்வொன்றாகக் குறையும். கடைசியில் இருப்பவர் சதுரங்கப் பலகையிலிருந்து காய்களைப் பிடுங்கி, பெட்டியில் போட்டபடியே எண்ணுவார். முப்பத்திரண்டு வந்தால் பெட்டியை மூடுவார். முப்பத்தொன்றில் நின்றால், கிளம்பியவர்களையும் கூப்பிட்டு நிறுத்தி, எல்லாரும் தரையில் உட்கார்ந்து தடவித் தேடுவார்கள்.